டைட்டானியம் அலுமினைடு: விரிசல் போன வழி

மார்ச் 4

உலையை இன்றுதான் முதல் தடவையாக 1400 டிகிரி வரை ஏற்றினேன். உள்ளே ஆர்கான் வாயு. கையில் இருப்பது 48-2-2 எனும் டைட்டானியம் அலுமினைடு அலாய் (உலோகக் கலவை): நூறு அணுவில் 48 அலுமினியம், 2 குரோமியம், 2 நையோபியம், மீதி டைட்டானியம். போயிங் 787-இல் பறக்கும் ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில், லோ பிரஷர் டர்பைனின் கடைசி இரண்டு வரிசை பிளேடுகள் இந்த அலாயில் வார்த்தவை. நிக்கல் அலாயில் பாதி எடைதான். பிளேடு எடை குறைந்தால், சுழலும்போது அதை இழுத்துப் பிடிக்கும் டிஸ்க்கையும் மெலிசாக்கலாம்.

பாதித் துண்டுகளுக்கு 1280 டிகிரி, மீதிக்கு 1400. கலவை ஒன்றே, சூடு மட்டும் வேறு.

மார்ச் 6

உள்ளமைப்பு நுண்ணோக்கியில் தெரிவதற்காகத் துண்டுகளைப் பாலிஷ் செய்து, கிரால் என்னும் அமிலக் கரைசலில் அரித்தேன். அதில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருப்பதால், தோலில் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளூக்கோனேட் களிம்பு எட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறப்பதே இல்லை.

1280 துண்டில் பொடிப்பொடியாகப் படிகங்கள், இடையிடையே கொஞ்சம் அடுக்குகள். இந்தக் கலப்பு அமைப்புக்கு டூப்ளெக்ஸ் என்று பெயர். 1400 துண்டை வைத்ததும் கண்ணை எடுக்க முடியவில்லை. உயரத்திலிருந்து உழுத வயல்களைப் பார்ப்பது போல, அரை மில்லிமீட்டர் அகல வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் சால்கள் ஒவ்வொரு திசையில். அந்தச் சூட்டில் முழுக்க ஆல்பா எனும் ஒரே படிக வகையாக இருந்தது, ஆறும்போது காமா, ஆல்பா-2 என்ற இரண்டு படிக வகைகளாக மாறி மாறித் தகடுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு வட்டாரத்துக்குள் தகடுகள் எல்லாம் ஒரே வாட்டம். இவற்றைத்தான் காலனி என்கிறோம்.

மார்ச் 11

விரிசல் தொடங்குவதற்காக ஒரு வெட்டுத்தடம் போட்ட துண்டுகளை வளைத்து உடைக்கும் சோதனை. விரிசல் ஓடாமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் டஃப்னெஸ்.

டூப்ளெக்ஸ் துண்டுகளில் விசை வரைபடத்தின் கோடு நேராக ஏறியது, டக்கென்று ஒரு சத்தம், முடிந்தது. எல்லாமே 11, 12 மெகாபாஸ்கல் ரூட் மீட்டருக்குள் (டஃப்னெஸை அளக்கும் அலகு). 1400-இல் சுட்ட அடுக்குத் துண்டுகளில் கோடு ஏறும், லேசாகச் சரியும், மறுபடி ஏறும். ஒன்று 19-இல் போனது, இன்னொன்று 26 வரை நின்றது. ஒரே உலை, ஒரே நாள், அப்படியும் இவ்வளவு வித்தியாசம்.

மார்ச் 12

முழுக்க உடைவதற்கு முன்பே நிறுத்தி வைத்திருந்த ஒரு துண்டின் பக்கவாட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். விரிசல் ஒரே கோடாக இல்லை. ஒரு காலனிக்குள் தகடுகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகிறது. அடுத்த காலனியில் தகடுகள் குறுக்கே நிற்க, அங்கே திணறித் திரும்புகிறது, இல்லாவிட்டால் சற்றுத் தள்ளிப் புதிதாகத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் அறாமல் தொங்கும் உலோகத் துணுக்கு விரிசலின் இரு கரைகளையும் பிடித்து வைக்கிறது. விரிசல் நீள நீள இந்தப் பிடிகள் கூடுவதால், அதை மேலும் நகர்த்தக் கூடுதல் விசை தேவைப்படுகிறது.

விறகு பிளந்தவர்களுக்கு இது புரியும். நார் வாட்டத்தில் அடித்தால் ஒரே போடு, குறுக்கே என்றால் கோடாலி தெறிக்கும். என் துண்டின் தடிமன் 5 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் காலனி என்றால், வெட்டுத்தடத்தின் முனையில் பத்துக் காலனிதான் வரிசையாக நிற்கும். அந்தப் பத்தும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதில்தான் 19-உம் 26-உம் பிரிகின்றன.

மார்ச் 17

இழுவைச் சோதனையில் கதை தலைகீழ். டூப்ளெக்ஸ் 2 சதவீதம் நீண்டது, அடுக்குத் துண்டுகள் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பெரிய காலனி விரிசலைத் தடுக்கும், ஆனால் முதல் விரிசல் பிறக்கவும் அதுவே இடம் கொடுக்கும். போரான் துளி சேர்த்துக் காலனியைச் சிறிதாக்கலாம், அப்போது நீட்சி கூடும், ஆனால் விரிசலுக்குக் கிடைக்கும் தடங்கல் குறையும்.

"அண்ணா, டேபிள்ல சராசரியப் போட்டுடலாமே" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. 22 என்று எழுதினால், அந்த 19-இல் போன துண்டு எங்கே? பிளேடு உடைவது சராசரியில் இல்லையே. எல்லா எண்ணையும் தனித்தனியாகவே போடப் போகிறேன், பக்கத்தில் அந்தந்தத் துண்டின் விரிசல் படத்தோடு.

மார்ச் 19

மிச்சம் ஆறு துண்டுகள். உடைப்பதற்கு முன்பே வெட்டுத்தட முனையின் இரு பக்கமும் படம் எடுத்து, காலனி காலனியாகத் தகடுகளின் கோணத்தை நோட்டில் குறிக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் துண்டில் இடது பக்கம் 70 டிகிரி, வலது பக்கம் 15.