அவருக்கு வயசு 44, 'வாங்க'ன்னு கூப்பிடுங்க

நான் வேலை பாக்குற இல்லத்துல பதினாலு பேர் தங்கியிருக்காங்க. எல்லாருமே பெரியவங்க, கடைசி தம்பிக்கே 23 ஆச்சு, மூத்த அக்காவுக்கு 58. சர்டிபிகேட்ல அறிவுசார் குறைபாடுன்னு போட்டிருக்கும், சிலருக்கு டவுன் சிண்ட்ரோம், ரெண்டு பேருக்கு வலிப்பும் உண்டு. வேலைக்குச் சேந்த மொத நாள், சாப்பிட உக்காந்திருந்த ஒருத்தர்கிட்ட போய் "என்னடா தங்கம், சாப்டியா"ன்னு கேட்டேன், பாசமாத்தான் கேட்டேன். இல்லத்தைப் பாத்துக்கிற அக்கா என்னைத் தனியா கூப்பிட்டு, "உன்னை விட பதினஞ்சு வயசு பெரியவர்ப்பா அவரு, பஸ்ல பாத்திருந்தா டா போட்டிருப்பியா"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. ஆறு வருஷம் ஆகுது, அன்னைலேந்து அவரு எனக்கு அண்ணன்தான், வாங்க போங்கதான்.

இதெல்லாம் ஒரு விஷயமான்னு தோணலாம். ஆனா ஒருத்தர டா போட்டுக் கூப்பிட ஆரம்பிச்சோம்னா அடுத்து அவர்கிட்ட கேக்காமலே சட்டை மாட்டி விடுவோம், என்ன சாப்பிடணும்னு நாமளே முடிவு பண்ணுவோம், அவரு எதிர்ல இருக்கும்போதே அவரப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசுவோம். பொறந்தநாளுக்கு சாப்பாடு போட வர்றவங்க நெறைய பேரு, நல்ல மனசுலதான் வர்றாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பலூன் வாங்கிட்டு வருவாங்க, மீசை நரைச்ச ஆம்பளைங்கள வரிசையா நிக்க வெச்சு கை தட்டி பாட்டு பாடச் சொல்லுவாங்க, "குழந்தைங்களோட ஒரு போட்டோ"ன்னு கேப்பாங்க. போட்டோ எடுக்கலாமான்னு அவங்ககிட்டயே கேளுங்கன்னு நான் சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க, "அவங்களுக்கு என்ன தெரியும்"னு.

அவங்களுக்கு நல்லாத் தெரியும். நமக்குத்தான் கேக்கத் தெரியல.

அதே அண்ணனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தத சொல்லணும். அவரு அதிகம் பேச மாட்டாரு, மூணு நாலு வார்த்தைதான். திடீர்னு ராத்திரில இடது கன்னத்துல தானே அடிச்சுக்க ஆரம்பிச்சாரு, தட்டைத் தள்ளி விட்டாரு, தூங்கல. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் அவரு மூஞ்சியக்கூட பாக்கல, என்னைப் பாத்து "இவன் எப்பவுமே இப்படித்தானா"ன்னு கேட்டாரு, "இந்த மாதிரி கேஸ்னா கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கத்தான் செய்யும்"னு சொல்லி தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாரு. மூணு ராத்திரி நானே என் கையால அந்த மாத்திரையக் குடுத்தேன். பகல்லயும் சொக்கிப்போயி சுவத்துல சாஞ்சே கெடந்தாரு. கடைசில கண்டுபிடிச்சது எங்க சமையல் அம்மாதான். "அப்பளத்தை ரசத்துல ஊறப்போட்டு வலது பக்கமா வெச்சு மெல்லுறாரு பாரு, நொறுங்குற சத்தத்துக்காகவே அப்பளம் தின்னுற மனுசன், ஊறப்போட்டு தின்னுவாரா"ன்னாங்க. பல் டாக்டர்கிட்ட போனா கடைவாய்ப்பல்லுல சீழ் கட்டியிருக்கு. பல்லை எடுத்த மூணாம் நாள் அவரு கன்னத்துல அடிக்கிறது நின்னுச்சு.

எல்லாத்தையும் குறைபாட்டு மேலயே போட்டுட்டா நோய் உள்ளயே வளரும். டவுன் சிண்ட்ரோம் இருக்கிறவங்களுக்கு தைராய்டு பிரச்சனை சகஜம், காது மந்தமாகும், நாப்பது தாண்டினா மறதி நோயும் மத்தவங்கள விட சீக்கிரமா வரலாம். சோர்ந்து உக்காந்தா "அடம் பண்றாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். இப்பல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போறோம், இவரு சாதாரணமா எப்படி இருப்பாரு, வலின்னா எப்படிக் காட்டுவாரு, எதைப் பாத்தா பயப்படுவாருன்னு. வீட்ல வெச்சுப் பாத்துக்கிறவங்க இதை இன்னைக்கே எழுதி வெச்சிடுங்க.

பெத்தவங்க போன் பண்ணா எதுல ஆரம்பிச்சாலும் கடைசில "எங்களுக்கு அப்புறம் யாரு"ன்னுதான் வந்து நிப்பாங்க. முழுசா ஒரு பதில் என்கிட்ட இல்ல. ஆனா பல பேருக்கு அடிப்படையே தெரியல, 18 வயசு முடிஞ்சிட்டா அப்பா அம்மாவே ஆனாலும் சட்டப்படி தானா கார்டியன் ஆகிட மாட்டாங்க. 1999-ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல கலெக்டர் இருக்கிற மாவட்டக் கமிட்டிகிட்ட விண்ணப்பிக்கணும். நிராமயான்னு ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கு, ஒரு லட்சம் வரைக்கும். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேல, கார்டியன் வெச்சாலும் கார்டியனும் குறைபாடு இருக்கிறவரும் சேந்துதான் முடிவெடுக்கணும்னு சொல்லுது. சேந்துன்னா கையெழுத்து போடுற அன்னைக்கு மட்டும் பக்கத்துல உக்கார வெக்கிறது இல்ல. காலைல எந்தச் சட்டைன்னு கேக்குறதுல ஆரம்பிக்கணும், சின்னச் சின்னதா முடிவெடுத்துப் பழகாதவரு திடீர்னு பெரிய முடிவு எப்படி எடுப்பாரு?

போன மாசம் ஒரு குடும்பம் பையன் பொறந்தநாளுக்கு வர்றோம்னு போன் பண்ணாங்க. பரிமாறிட்டுப் போறதா இருந்தா வேணாம், எங்க பந்தியிலயே உக்காந்து சாப்பிடுங்கன்னு சொன்னேன். அவங்களும் மறுபேச்சு பேசாம வந்து தரையில எலை முன்னாடி உக்காந்தாங்க. பரிமாறினது எங்க ஆளுங்கதான். அண்ணன் அப்பளக் கூடையத் தூக்கிட்டு ஒவ்வொரு எலையா பொறுமையா வந்தாரு, ஒருத்தரையும் விடல. அந்தப் பையன் நிமிந்து பாத்து, "அங்கிள், எனக்கு இன்னொண்ணு"ன்னான். அண்ணன் நின்னு, கூடையில கையை விட்டு உடைஞ்சதெல்லாம் ஒதுக்கி, முழுசா இருந்த ஒண்ணத் தேடி எடுத்து வெச்சாரு.