இலைக்கணக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் உணவுப் பாதுகாப்பு அலுவலராக இருந்த காலத்தில், கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் நுழைந்ததும் என் கண்கள் எண்ணெய்ச் சட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும்தான் தேடும். சாயம் ஏற்றிய கேசரி, பலமுறை காய்ந்த எண்ணெய், உரிமம் எடுக்காத சமையல் காண்ட்ராக்டர் என்று எங்களுக்கு விதித்த வேலை ஒரு வட்டத்துக்குள் அடங்கியிருந்தது. மீந்த சோறு அந்த வட்டத்துக்குள் பின்னால் வந்து சேர்ந்தது. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கான ஒழுங்குமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் வெளியிட்டது. 2020 ஜூலையில் அவை நடைமுறைக்கு வந்தன. அப்போது கொரோனா. திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த நேரம். மீந்த உணவுக்கு விதி வந்தபோது மிஞ்சுவதற்கு உணவே இல்லை.

மண்டபங்கள் மறுபடி திறந்த பிறகுதான் அந்த விதிகளை நான் உண்மையில் படித்தேன் என்று சொல்ல வேண்டும். நல்ல விதிகள்தான். உணவை வாங்கி வழங்கும் அமைப்பு பதிவு செய்திருக்க வேண்டும். சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையாமலும் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று பதிவேடு வேண்டும். இவற்றில் எதையும் வேண்டாத கெடுபிடி என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டுப்போன சோற்றை ஏழைக்குக் கொடுப்பது தர்மம் ஆகாது.

ஆனால் மண்டபத்துக் கடிகாரம் இந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு விடிவதற்கு முன்பே காய் நறுக்க ஆரம்பிப்பார்கள். பதினொரு மணிக்குச் சாம்பார் இறங்கிவிடும். கடைசிப் பந்தி முடிய இரண்டரை மணி ஆகும். அதன் பிறகும் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், நாதஸ்வரக் குழு, சமையல் ஆட்கள் என்று எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின்தான் ‘இனி இது மீதி’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வார். தொண்டு அமைப்பின் வண்டி வந்து சேர நான்கு மணி. அந்த நேரத்தில் எந்த ஆதரவற்றோர் இல்லத்திலும் யாருக்கும் பசி இருக்காது. எட்டு மணிச் சாப்பாட்டுக்கு என்றால், அண்டா இறங்கி ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கும். சித்திரை வெயிலில் தேங்காய் அரைத்து ஊற்றிய அவியலும் கூட்டும் அதுவரை தாங்காது. பால் பாயசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். புளியோதரையும் லட்டும் தாங்கும். ஆனால் அவை மிஞ்சுவதில்லை, வீட்டார் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் இந்தக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டித்தான் வேலை செய்கின்றன. அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஒரு மாநிலத்தின் கொள்கை அவர்களுடைய ஓட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதுதான் என் பேச்சு.

அதோடு, அண்டாவில் மிஞ்சுவது ஒரு கணக்கு, இலையில் மிஞ்சுவது வேறு கணக்கு. உபரி உணவு என்று விதி பேசுவதெல்லாம் முதல் வகையைப் பற்றித்தான். எச்சில் இலையோடு போவது நேராகக் குப்பைதான். அதை எந்த வண்டி வந்தும் மீட்க முடியாது. நான் பார்த்த வரையில் பெரும்பாலான மண்டபங்களில் அண்டாவைவிட இலைதான் அதிகம் தின்றது. ஒரு முகூர்த்த நாளில் பந்தி முடிந்து இலை எடுக்கும் ஆட்களின் பின்னாலேயே நடந்து பாருங்கள். தொடாத வடை, ஓரத்தில் வைத்தபடியே இருக்கும் இரண்டாவது இனிப்பு, குவியலாகச் சோறு, யார் எதற்கு வைத்தார்கள் என்றே தெரியாத ஒரு கட்லெட்.

இதற்குச் சாப்பிடுகிறவரின் அலட்சியத்தைக் காரணம் சொல்வது எளிது. நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தின் அகலத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும். ஒரு பந்திக்கு 150 பேர் உட்காரும் கூடம். முகூர்த்தம் முடிந்ததும் 600 பேர் வாசலில் நிற்கிறார்கள். பாதிப் பேர் அலுவலகத்துக்கோ பஸ்ஸுக்கோ போக வேண்டியவர்கள். நான்கு பந்தியை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஆள் உட்காரும் முன்பே இலை போட்டு, எல்லாப் பதார்த்தங்களையும் வைத்துவிடுகிறார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்ல எதிரில் ஆளே இல்லாதபோது சோறு மட்டும் எப்படி மிஞ்சாமல் இருக்கும்? பந்தி விசாரிப்பு என்று ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் வரிசையாக நடந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் போடச் சொல்வார். அது உபசாரம் மட்டுமல்ல. அளவும் அதில்தான் இருந்தது. இப்போது அவர் மேடையில் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருக்கிறார்.

அண்டாவில் மிஞ்சுவதற்கான காரணம் இன்னும் முன்னால், ஒப்பந்தம் பேசும் நாளில் இருக்கிறது. எங்கள் பக்கம் இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. மளிகையை வீட்டார் வாங்கிக் கொடுத்து, சமையலுக்குக் கூலி மட்டும் பேசுவது ஒன்று. இதில் மளிகைப் பட்டியல் எழுதுபவர் காண்ட்ராக்டர். பணம் கொடுப்பவர் பெண்ணின் அப்பா. பட்டியல் ஏன் தாராளமாக இருக்கிறது என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இன்னொன்று, இலைக்கு இவ்வளவு என்று பேசுவது. இதில் குறைந்தபட்சம் இத்தனை இலை என்று ஓர் எண்ணை முன்பே எழுதிவிடுவார்கள். வந்தவர்கள் குறைந்தாலும் அந்த எண்ணுக்குப் பணம் உண்டு. கூடினால், வாங்கிய இலைக்கட்டில் மீந்த இலையை எண்ணிக் கழித்துக் கணக்குத் தீர்ப்பார்கள். எப்படிப் பேசினாலும் எண்ணைச் சொல்வது வீட்டார்தான். அது பத்திரிகை அடித்த கணக்கு. முதல்நாள் மாலை வரவேற்புக்கே பாதி ஊர் வந்து சாப்பிட்டுவிடுகிறது. காலை டிபனோடு இன்னொரு பாதி கிளம்பிவிடுகிறது. முகூர்த்தச் சாப்பாட்டுக்குப் போட்ட உலைதான் பெரும்பாலும் வீணாகிறது.

ஒரு காண்ட்ராக்டரிடம் இதைக் கேட்டேன். நெடுங்காலம் இதே தொழிலில் இருப்பவர், கைச்சுத்தமானவர். “சார், பந்தியில் சாம்பார் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தத் தெருவில் அடுத்த கல்யாணம் எனக்கு வராது. அண்டாவில் மீந்தது என்று இதுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்லை” என்றார். எல்லாக் கருத்தரங்குகளையும்விட இந்த இரண்டு வாக்கியங்கள் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. அதே ஆள் கோயில் அன்னதானத்துக்குச் சமைத்தால் ஒரு கரண்டி மிஞ்சாது. அங்கே டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள், தலை எண்ணிக்கை தெரிகிறது. சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல். குறைந்தால் மறு உலை வைத்துக்கொள்ளலாம், வந்தவர்கள் காத்திருப்பார்கள்.

அரசு என்ன செய்யலாம் என்று கேட்டால், எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதே பலருக்கு முதலில் தோன்றுகிறது. 1960-களின் உணவுத் தட்டுப்பாட்டில் பல மாநிலங்கள் விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணை போட்டுப் பார்த்தன. 2017-இல் ஜம்மு காஷ்மீர் அரசு, மகள் திருமணத்துக்கு 500 பேர், மகன் திருமணத்துக்கு 400 பேர் என்று எண் குறித்து ஆணை வெளியிட்டது. இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. தலையை எண்ண ஓர் அதிகாரியை மண்டபத்து வாசலில் நிறுத்தினால், அவருக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுவார்கள், வேறொன்றும் நடக்காது.

பிரான்ஸ் 2016-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பல்பொருள் அங்காடிகள், விற்காமல் போன நல்ல உணவை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றது. அங்கே குளிர்சாதன வண்டிகளும் உணவு வங்கிகளும் பல பத்தாண்டுகளாக இருந்தன; கொடுத்ததற்கு வரிச் சலுகையும் உண்டு. பொட்டலத்தில் அடைத்த தயிர் ஒரு நாள் காத்திருக்கும். நம் சாம்பார் காத்திருக்காது. எனக்குப் பொருத்தமாகப்பட்டது தென் கொரியாவின் வழி. உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் கொட்டுவதை 2005-இல் தடை செய்தார்கள். 2013-இல் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்பதை நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால் தொட்டி திறக்கிறது. கொட்டியதை எடை போட்டு அந்த வீட்டின் கணக்கில் ஏற்றிவிடுகிறது.

நம் மண்டபங்களில் துப்புரவுக் கட்டணம் வாடகையோடு சேர்ந்த ஒரே தொகை. நூறு கிலோ கொட்டினாலும் அதே பணம், ஆயிரம் கிலோ கொட்டினாலும் அதே பணம். மாவட்ட அளவிலான ஒரு கூட்டத்தில், மண்டபத்துப் பின்வாசலில் ஒரு தராசு வைத்து, எச்சில் இலையையும் மீந்த சோற்றையும் தனித்தனியாக நிறுத்து, மண்டப ரசீதில் அதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் ஆண்டு பணம்கூட வாங்க வேண்டாம், எடையை மட்டும் எழுதினால் போதும். அடுத்த கல்யாணத்துக்கு எண் சொல்லும்போது காண்ட்ராக்டர் கையில் அந்தத் தாள் இருக்கும். ‘போன முறை இவ்வளவு கொட்டினோம்’ என்று சொல்ல அவருக்கு ஒரு துணிச்சல் வரும்.

கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை. குப்பை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. கட்டட உரிமம் வருவாய்த் துறையிடம். சமைத்த சோறு மட்டும்தான் எங்களுடையது. இலையில் விழுந்து எச்சில் ஆன பிறகு அது உணவா கழிவா என்று ஒருவர் கேட்டார். கழிவு என்றால் கோப்பு ஒரு மேசைக்கு, உணவு என்றால் இன்னொரு மேசைக்கு. இதற்கிடையில் ஒரு மண்டப மேலாளர் தானாகவே சமையற்கட்டில் பழைய காய்கறித் தராசு ஒன்றை வாங்கிப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, நேரில் போய்ப் பார்த்தேன். அவர் அதைக் கல்யாண வீட்டாருக்காக வைக்கவில்லை. எச்சில் இலையை மாட்டுக்கு எடுத்துப்போகிறவர் கிலோவுக்கு ஏதாவது கொடுப்பாரா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்.