வாய்ப்பாடு சொல்ல முடிகிற வேகம்

ஆகஸ்ட் 20, 2023, ஞாயிறு

இணையத்தில் கிடைத்த இருபது வாரப் பயிற்சி அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. ஜனவரி முதல் வாரம் சென்னை மாரத்தான். பத்து ஓடியிருக்கிறேன், அரை மாரத்தானும் ஓடியிருக்கிறேன். முழுசுக்கு இதுதான் முதல். அட்டவணை போட்டவர் எந்த ஊர்க்காரரோ, பனி கொட்டும் நாட்களில் கையுறை அவசியம் என்று கீழே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு ஃபேனை ஐந்தில் வைத்தார்.

இன்று 16 கிலோமீட்டர். காலை நாலே முக்காலுக்குக் காந்தி சிலை. கடலோரமாச்சே, காற்று வருமே என்பவர்கள் அந்த நேரத்தில் ஒருநாள் மெரினாவுக்கு வர வேண்டும். கடற்காற்று பகல் ஏறித்தான் வரும். விடிவதற்கு முன்னால் ஒரு இலை அசையாது. வெப்பநிலை என்னவோ 27 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் தொண்ணூறுக்குப் பக்கத்தில். வேர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? இங்கே அது உலர்வதே இல்லை, வழிந்துகொண்டே இருக்கிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோல் பக்கம் ரத்தத்தைத் திருப்பித் திருப்பி இதயம் கூடுதலாக உழைக்கிறது. முதல் ஐந்து கிலோமீட்டரை 6:50 பேஸில், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 50 நொடி வேகத்தில் ஓடினேன், நாடி 148. கடைசி ஐந்தையும் அதே 6:50இல் இழுத்துப் பிடித்தேன், நாடி 171.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் தபால் சார்தான். என் வாட்சை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அதுக்கு நம்ம ஊர் வெக்கை தெரியாது. ஓடிக்கிட்டே பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்" என்றார். கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது! பதினேழு ஆறில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். "அப்போ வேகம் அதிகம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு முன்னால் போய்விட்டார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வேர்வைக்குக் கணக்குப் போட்டேன். ஓடுவதற்கு முன் எடை 58.4 கிலோ. இரண்டு மணி நேரம் ஓடி முடித்து, துடைத்துக்கொண்டு ஏறி நின்றால் 56.7. நடுவில் குடித்த தண்ணீர் அரை லிட்டர். ஆக இரண்டு மணி நேரத்தில் போனது 2.2 லிட்டர். டிஷர்ட்டைப் பாத்ரூமில் பிழிந்தபோது விழுந்த தண்ணீரைப் பார்த்து, துவைத்துக் கொண்டிருக்கிறேன் என்றே அத்தை நினைத்துவிட்டார். ஷூவுக்குள்ளும் அதே கதைதான். எட்டாவது கிலோமீட்டரிலிருந்து சளக் சளக் என்று நானே என்னைத் துரத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

போனதையெல்லாம் வெறும் தண்ணீராகவே குடித்துச் சரிக்கட்டவும் கூடாது. உப்பும் சேர்ந்துதானே போகிறது. தண்ணீர் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைசுற்றல், குழப்பம், வலிப்பு வரை போகும். இனிமேல் ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு லிட்டருக்கு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர்.

செப்டம்பர் 13, புதன்

ஷூ வாங்கினேன். விலையை வீட்டில் பாதியாகத்தான் சொன்னேன்.

தபால் சார் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு சிவ்நாத் சிங்கைப் பற்றிச் சொன்னார். பீகார்க்காரர், ராணுவத்தில் இருந்தவர், வெறுங்காலில் ஓடிப் பேர் வாங்கியவர். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவது இடம். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். 45 வருஷம் ஆகிறது, அந்த தேசிய சாதனையை இன்று வரை யாரும் தொடவில்லை. ஷூ எல்லாம் எங்கேயோ போய்விட்டது, நேரம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

அக்டோபர் 8, ஞாயிறு

காலையில் 22. ஈஸியாக ஓடினேன், பதினேழு எட்டு வரை வந்தது.

சாயங்காலம் வீட்டில் இரண்டு ஸ்க்ரீன். டிவியில் சேப்பாக்கம், உலகக் கோப்பையில் நமக்கு முதல் மேட்ச், ஆஸ்திரேலியாவோடு. என் மொபைலில் சிகாகோ மாரத்தான். ஆஸ்திரேலியா 199க்கு ஆல் அவுட் ஆனதும் கூடமே குதித்தது. நம்மவர்கள் இரண்டு ரன்னுக்கு மூன்று விக்கெட் விட்டதும் கூடம் ஊமையானது. அத்தை சாமி அறைக்கே போய்விட்டார். அந்த அமைதியில்தான் நான் கெல்வின் கிப்டமைச் சரியாகக் கவனித்தேன். கென்யாக்காரர், வயது 23. முப்பது கிலோமீட்டருக்கு மேல் எல்லாரும் தேய்வார்கள் என்பதுதான் இந்த ஓட்டத்தின் விதி. இவர் அங்கேதான் வேகத்தைக் கூட்டினார். 2:00:35. போன வருஷம் பெர்லினில் கிப்சோகே வைத்த 2:01:09 போயே போச்சு. "உலக சாதனை!" என்று கத்தினேன். கோலி அடித்த பவுண்டரிக்குத்தான் கத்துகிறேன் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

மேட்சும் ஜெயித்தாயிற்று. ராகுல் 97, கடைசி வரை அவுட் இல்லை.

அக்டோபர் 9, திங்கள்

எட்டாம் வகுப்பில் இன்று விகிதம். கரும்பலகையில் 42,195 மீட்டர், 7,235 நொடி என்று எழுதிப்போட்டு நூறு மீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டேன். 17.1 நொடி வந்தது. விளையாட்டு விழாவில் 100 மீட்டரில் இரண்டாவது வந்த பையன் எழுந்து, "டீச்சர், நான் ஓடினதே 16 செகண்ட்தான்" என்றான். நீ ஓடி முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாயே, அவர் நிற்காமல் அதையே 422 தடவை ஓடினார் என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருந்தது.

அந்த 195 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று ஒரு பெண் கேட்டாள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் ஆரம்பித்து ஸ்டேடியத்தில் அரச குடும்பத்து ஆசனங்களுக்கு எதிரே முடித்தார்கள். அது 26 மைல் 385 கஜம். 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். "ராஜா வீட்டுக்காகவா டீச்சர் இன்னும் எல்லாரும் எக்ஸ்ட்ரா ஓடறாங்க?" ஆமாம்.

நவம்பர் 5, ஞாயிறு

26 கிலோமீட்டர். மெரினா, லூப் ரோடு, பட்டினப்பாக்கம், அடையாறு, பெசன்ட் நகர், அதே வழியாகத் திரும்ப. கண்ணகி சிலைக்கும் காந்தி சிலைக்கும் நடுவே மட்டும் வேகம், மற்றதெல்லாம் வாய்ப்பாட்டு வேகம். கண்ணகி உட்பட அந்தச் சிலை வரிசையை 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தார்களாம். எங்கள் குழுவுக்கு அவை கிலோமீட்டர் கல்.

நொச்சிக்குப்பம் பக்கம் வரும்போது படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. வலையிலிருந்து நண்டைப் பிய்த்துப் போடுகிற கையின் வேகத்தைப் பார்த்தால் நாம் எந்த மூலைக்கு. தார்பாய்க்குக் கீழே சங்கராவையும் காரப்பொடியையும் தனித்தனியாகக் கூறு கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னை ஞாயிறுதோறும் பார்க்கிறவர். இன்று கூப்பிட்டே கேட்டார்.

"இம்மாந்தூரம் ஓடினா எவ்ளோ குடுப்பாங்க?"

"நாமதான் அக்கா பணம் கட்டணும்."

"நீ கட்டுறியா?" கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். "எக்கா, இங்க வா, இத்த கேளு."

திரும்பி வரும்போது தார்பாய் வரிசை முழுக்க விஷயம் பரவியிருந்தது. வஞ்சிரம் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்தே கொடுத்தார், பாவப்பட்டு.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி மறுநாள். ஊரே புகை. ஓடவில்லை, பட்சணம்தான்.

டிசம்பர் 7, வியாழன்

நேற்றுதான் கரண்ட் வந்தது. மூன்றாம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை நாலாம் தேதி முழுக்க அடித்தது. மிக்ஜாம் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கீழ் வீட்டுக்காரர்கள் எல்லாரும் மாடியில். எங்கள் வீட்டில் பதின்மூன்று பேர் தூங்கினோம்.

அட்டவணைப்படி இந்த வாரம் 30 கிலோமீட்டர். நடந்தது என்னவென்றால், மோட்டார் ஓடாததால் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கியது. வாட்ச் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது, அதனால் இதெல்லாம் எந்த ஆப்பிலும் ஏறவில்லை. பால் எங்கேயும் கிடைக்கவில்லை. தபால் சார் மயிலாப்பூரிலிருந்து ஒரு மூட்டைப் பால் பாக்கெட்டுடன் வேளச்சேரி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தார். எங்கள் வீட்டுக்கு ஒன்று, மற்றதெல்லாம் தெருவுக்கு. "லாங் ரன் கணக்குல சேத்துக்கலாம் டீச்சர்" என்றார். அத்தை அவருக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பால் இருந்தும் சுக்குக் காப்பிதான். பாலை எண்ணித்தான் செலவழித்தோம்.

அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போய்விட்டது.

டிசம்பர் 17, ஞாயிறு

விட்ட 30ஐ இன்று ஓடினேன். இனி மூன்று வாரம் டேப்பர், தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியதுதான். 27க்கு மேல் தொடை கல்லாகிவிட்டது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு, தோராயமாக ஒரு கலோரி. 58 கிலோ, 42 கிலோமீட்டர் என்றால் 2,400க்கு மேல். தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்க முடிவது சுமாராக 2,000தான். மிச்சத்தை வழியில் சாப்பிட்டே ஆக வேண்டும். கடலை மிட்டாய் முயன்று பார்த்தேன், மூச்சு வாங்கும்போது மெல்ல முடியவில்லை. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நன்றாக இறங்குகிறது. ஜெல் என்று விற்கிறார்களே, அது இருமல் மருந்துக்குத் தம்பி.

நான் பிறந்த 1979இல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே கிடையாது. 1984 லாஸ் ஏஞ்சலிஸில்தான் வந்தது, ஜோன் பெனாய்ட் ஜெயித்தார். அது வரைக்கும் பெண் உடம்பு தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். மூன்று மாடி குடம் தூக்கியவர்களைக் கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 19, செவ்வாய்

தெற்கே வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்கிறார்கள். தபால் சாருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். தம்பி வீட்டில் யாரும் போன் எடுக்கவில்லை. ரயிலும் இல்லை. குழுவில் இன்று யாரும் எத்தனை கிலோமீட்டர் என்று போடவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

தபால் சார் ஊருக்குப் போய்விட்டார். எல்லாரும் பத்திரம், வீடுதான் முழுக்கச் சேறு. ஜனவரிக்குள் வர முடியாது, என் பிப்பை, அதாவது சட்டையில் குத்துகிற எண் அட்டையை, நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மெசேஜ். கூடவே, "பாதி தூரம் வரைக்கும் வாட்சைப் பாக்காதீங்க."

ஜனவரி 6, 2024, சனி

ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து இட்லி, வாழைப்பழம், காப்பி. அக்குளிலும் தொடையிலும் வாஸ்லைன். நாலு மணிக்கு நேப்பியர் பாலம். மேகமூட்டம், வெயில் இருக்காது. ஆனால் மழை வரப்போகிற நாளுக்கே உரிய புழுக்கம்.

இருட்டில் மெரினாவைக் கடப்பது சுகமாக இருந்தது. என்னை எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று விட்டேன். பதினேழாம் வாய்ப்பாட்டை முழுசாகச் சொன்னேன், பத்தொன்பதும் சொன்னேன். பக்கத்தில் ஓடிய பையன் இயர்போனைக் கழற்றி விட்டு ஒரு மாதிரி பார்த்தான். பாதி தூரத்தில்தான் வாட்சைப் பார்த்தேன். 2:38. 5 கிலோமீட்டருக்கு ஒரு பேரீச்சை, தண்ணீர் வைத்திருந்த இடத்திலெல்லாம் நாலு வாய், கொஞ்சம் தலையில்.

30 வரை வாய்ப்பாடு வந்தது. 33இல் முந்திப்போனவர்களில் பலர் நடந்துகொண்டிருந்தார்கள். 35இல் பதினேழு எட்டு எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன்! பதினேழு ஏழு 119 என்று வருகிறது, அதோடு 17 கூட்டினால் போதும், அந்தக் கூட்டல் நடக்க மாட்டேன் என்கிறது. அப்புறம் கூட்டுவதை விட்டுவிட்டு மின்கம்பங்களை எண்ணினேன். இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. ஒரு போலீஸ்காரம்மா தன் பாட்டிலை நீட்டினார், "குடிச்சிட்டுப் போ, கிட்ட வந்துட்ட." கிட்ட இல்லை, இன்னும் நாலு கிலோமீட்டர். ஆனாலும் அந்தப் பொய் இரண்டு கம்பத்துக்கு உதவியது.

5 மணி 39 நிமிடம். பின்பாதி மூன்று மணி ஒரு நிமிடம். கிப்டம் போகிற வழியில் நான் வரவில்லை.

சாயங்காலம் தபால் சாருக்குப் போன் போட்டேன். நேரத்தைக் கேட்கவில்லை, காலில் கொப்புளம் உண்டா என்றார். ஒன்று, அதோடு வலது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது என்றேன். "விழுந்துரும், தொடாதீங்க." பின்னாலிருந்து மண்வெட்டி சிமெண்ட்டில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சமையலறையில் வழித்து எடுத்தாலும் கசிந்து கசிந்து வருகிறதாம் சேறு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க முடியாது, அடுப்பையாவது ஏற்ற வேண்டும் என்றார்.

ஜனவரி 8, திங்கள்

படி ஏறுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. இறங்குவதுதான். எட்டாம் வகுப்பு இரண்டாவது மாடியில். முதல் பீரியட் முடிந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினேன், பத்தாம் வகுப்புப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். இந்த வாரம் மட்டும் வகுப்பறையை மாற்றிக்கொள்ளலாமா என்று தரைத்தளத்து அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். சரி, ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஆறு பி நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார். பொங்கல் லீவுக்கு முந்தைய கடைசி பீரியட், அதுவும் ஆறு பி. படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டேன்.