பள்ளம் அடைத்தும் பில் வரவில்லை: ஒரு கிராமச் சாலைப் பராமரிப்பு ஒப்பந்த அனுபவம்

கடந்த வியாழக்கிழமை மாலை, அப்பாவின் வங்கிக் கணக்கில் 86,340 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கிராமச் சாலையைப் பல மாதங்கள் பராமரித்ததற்கான தொகை அது. அதைப் பெறுவதற்காகச் சைதாப்பேட்டையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் பதினான்கு முறை போய்வந்திருக்கிறேன். பரனூர் சுங்கச்சாவடியில் கட்டிய பணத்தைத் தனியாகக் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. எந்த ஒன்றியம், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் ஒன்றரை ஆண்டு நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் வேலை எடுத்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருக்கும். சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரரே, பணி முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு அதன் வழக்கமான பராமரிப்பையும் செய்ய வேண்டும். கட்டுமானத்துக்கு ஒரு தொகை, பராமரிப்புக்கு ஆண்டுவாரியாக ஐந்து தொகைகள் என ஒப்பந்தத்திலேயே தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அப்பா தம் பெயரில் எடுத்த இந்தச் சாலை 2021 ஆகஸ்டில் முடிந்தது. கட்டுமானத்தில்தான் காசு, பராமரிப்பு பேருக்கு என்ற எண்ணம் அவர் தலைமுறையில் பலரிடம் உண்டு. அப்பாவும் அந்த ஐந்து கட்டங்களில் மனம்போன போக்கில் குறைந்த தொகைகளை நிரப்பிவிட்டார். 2023-இல் அவருக்குப் பக்கவாதம் வந்து வேலை என் கைக்கு மாறியபோதுதான், ஒரு முறை ஜே.சி.பி. வரவழைத்தாலே அந்த ஆண்டின் தொகையில் பெரும் பங்கு கரைந்துவிடும் என்பதை உணர்ந்தேன். புதிதாக டெண்டர் போடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பராமரிப்பு அட்டவணையை நிரப்பும்போது உங்கள் மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னை உண்மையில் அலைக்கழித்தது தொகை அன்று, பெயர். 2024 ஏப்ரலில் எங்கள் ஆடிட்டர், அப்பாவின் தனி உரிமை நிறுவனத்தை மூடிவிட்டு நானும் தம்பியும் பங்குதாரர்களாக ஒரு கூட்டாண்மை நிறுவனம் தொடங்கலாம் என்றார். நல்ல யோசனையாகவே பட்டது. புதிய பான் எண், புதிய ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் இரண்டே வாரத்தில் வந்தன, பழைய ஜி.எஸ்.டி. பதிவை நாங்களே விண்ணப்பித்து ரத்து செய்துவிட்டோம். ஜூலையில் புதிய நிறுவனத்தின் பெயரில் பில் எடுத்துக்கொண்டு போனபோது கணக்குப் பிரிவில் இருந்தவர் அதை ஒரு நிமிடம்கூடக் கையில் வைத்திருக்கவில்லை. "மேடம், அக்ரிமென்ட்ல இருக்கிற பேர் வேற, பில்லுல இருக்கிற பேர் வேற. நான் எப்படி ஃபைலை நகர்த்துறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தவறில்லை. அதற்கு என்ன வழி என்று நான் கேட்டதற்கு, "அது உங்க பிரச்சினை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அப்பா கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவருடைய பான் எண்ணோடு பிணைந்தது. நாங்கள் வீட்டுக்குள் நிறுவனத்தை மாற்றிக்கொண்டால் அரசு ஒப்பந்தம் தானாகக் கூடவே மாறிவிடாது. பழைய ஜி.எஸ்.டி. பதிவை உயிர்ப்பிக்கலாம் என்று பார்த்தால், அதிகாரி தாமாக ரத்து செய்த பதிவுகளைத்தான் அப்படி மீட்க முடியும். நாமே கேட்டு ரத்து செய்ததை மீட்க வழியில்லை. எனவே அப்பாவின் பான் எண்ணிலேயே மறுபடியும் புதிதாகப் பதிவு செய்தோம். புதிய ஜி.எஸ்.டி. எண்ணில் முதலில் தமிழ்நாட்டுக்கான 33, அடுத்துப் பத்து இடங்களில் அதே பான் எண், ஆனால் பதின்மூன்றாம் இடத்தில் இருந்த 1 இப்போது 2 ஆகிவிட்டது. அந்தப் புதிய எண்ணைத் துறையின் பதிவேட்டில் ஏற்றுவதற்கு மட்டும் நான்கு பயணம் ஆயிற்று. அப்பாவால் எழுந்து போய்க் கையெழுத்திட முடியாது என்பதால், என் பெயருக்குப் பொது அதிகார ஆவணம் எழுதிப் பதிவு செய்தோம். நடமாட முடியாதவர்களுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழியிருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். தொடக்கத்திலேயே இந்த ஓர் ஆவணத்தோடு நிறுத்தியிருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். நடப்பில் ஒப்பந்தம் இருக்கும்வரை நிறுவனத்தின் அமைப்பை மாற்றாதீர்கள், ஆடிட்டர் எவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னாலும்.

இடையில் ஒரு வீண் பயணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்து, மாலை வரை ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத செய்தியன்று. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. கிராம சபை நடக்கும் நாள்களை ஒட்டியும் இதே நிலைதான்.

பெயர் ஒருவழியாகச் சரியானபின், சாலையின் முறை வந்தது. எத்தனை பள்ளம் அடைத்தோம், எத்தனை லோடு கிராவல் கொட்டினோம் என்று எம்-புக்கில் (பணி அளவுப் புத்தகத்தில்) ஏற்றிப் பணம் வாங்கும் பழைய வழக்கம் இந்தப் பராமரிப்பில் இல்லை. இ-மார்க் என்னும் இணைய முறையில், பொறியாளர் சாலைக்கு நேரில் வந்து, இடக்குறிப்போடு கூடிய புகைப்படங்களைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றி, அன்று சாலை இருக்கும் நிலைக்கு மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண்ணைப் பொறுத்தே பணம். மிகவும் குறைந்தால் பில் அப்படியே நின்றுவிடும். நீங்கள் போன மாதம் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது.

இது புரியாமல், 2024 நவம்பர் நடுவில் வந்த ஆய்வுக்கு நான் பள்ளங்களை மட்டும் அடைத்து வைத்திருந்தேன். மேஸ்திரி முறையாகவே செய்திருந்தார்: பள்ளத்தின் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, தூசியைக் கூட்டியெடுத்து, தார் எமல்ஷன் தெளித்து, மழைக்காலம் என்பதால் சூடாக்காமலே இடும் குளிர்கலவையை இட்டு இறுக்கியிருந்தார். ஒரு பள்ளம்கூட இல்லாத சாலை என்ற பெருமிதத்தோடு உதவிப் பொறியாளருடன் நடந்தேன். அவரோ தார்ப்பரப்பை அவ்வளவாகப் பார்க்கவே இல்லை. பெர்ம், அதாவது சாலையோர மண் பட்டை, எங்கே அரித்திருக்கிறது, கல்வெர்ட் எனும் சிறுபாலத்தின் வாய் அடைத்திருக்கிறதா, சீமைக் கருவேலம் வளைவில் பார்வையை மறைக்கிறதா, கிலோமீட்டர் கல்லில் எழுத்து தெரிகிறதா, திட்டப் பலகை நிமிர்ந்து நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே போனார். அந்தச் சுற்றில் எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அத்தனை அலுவலகங்களிலும் எனக்குக் காரணத்தைச் சொல்லி விளக்கிய ஒரே மனிதர் அவர்தான். மேஸ்திரி மட்டும், "தண்ணி நின்னா தாரு நிக்காதுன்னு உங்கப்பாவுக்குத் தெரியும் பாப்பா, நீதான் பள்ளம் பள்ளம்னு நின்னே" என்று முணுமுணுத்தார். பெர்ம் உயர்ந்து, மழைநீர் ஓரத்துக்கு வடியாமல் சாலையிலேயே தேங்கிய இடங்களில்தான் எங்கள் பள்ளங்கள் பெரும்பாலும் விழுந்திருந்தன என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

பெர்மில் மதிப்பெண் போனதற்கு இன்னொரு காரணம் இருந்தது; அது எங்கள் குற்றமன்று. வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்புக்கான குழாய் பதிக்க வந்தவர்கள், சாலையின் இடது ஓரத்தை ஏறத்தாழ 600 மீட்டருக்குத் தோண்டி, மண்ணை இறுக்காமல் அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் ஊர்மக்கள் இதைக் கேட்டபோது, சாலை ஒப்பந்தக்காரர் சரிசெய்யவில்லை என்றே பதிவாகியிருக்கிறது. அன்று அங்கே போகாதது என் பிழை. ஒப்பந்தத்தில் உள்ள சாலையைப் பிறர் வெட்டினால், அனுமதி பெற்று, சீரமைப்புத் தொகையையும் செலுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆனால் யார் வெட்டியது என்பதை நாம் நிரூபிக்காதவரை, பில்லில் அடி நமக்குத்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு சிறு வெற்றி கிடைத்தது. மேஸ்திரியின் மகன் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் சாலையின் இரு ஓரங்களையும் காணொளியாக எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். ஆகஸ்டில் பெர்ம் ஒழுங்காக இருந்ததும், செப்டம்பரில் அதே இடத்தில் நீலக் குழாய்கள் அடுக்கியிருந்ததும், தேதியோடு அதில் இருந்தன. அவற்றிலிருந்து ஒன்பது படங்களை அச்செடுத்து, ஒவ்வொன்றின் கீழும் சங்கிலித் தூரத்தை (சாலையின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் உள்ள தூரத்தை) குறித்து, ஒரே ஒரு பக்கக் கடிதத்தோடு கொடுத்துக் கையொப்பமிட்ட நகல் வாங்கினேன். பத்து நாளில், வெட்டப்பட்ட பகுதி பிற பணியால் ஏற்பட்ட சேதம் என்று கோப்பில் குறிப்பு ஏறியது. முன்பு நான் எழுதிய ஆறு பக்க விண்ணப்பம் எந்தக் கட்டில் கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நகலில் தேதி முத்திரை இல்லாமல் திரும்பி வரவும் கூடாது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில், அடைத்த பள்ளங்களில் ஏழு திறந்துகொண்டன; ஒரு கல்வெர்ட்டின் பக்கவாட்டு மண் முழுவதும் அரித்துப் போனது. டிசம்பர் கடைசியில் மழை விட்டதும் வேலையின் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் கல்வெர்ட்டுகளைத் தூர்வாரினோம். பிறகு மேடாகிப்போன பெர்மை வெளிப்புறம் சரியும்படி ஜே.சி.பி.யால் வழித்து, அரித்த இடங்களில் கிராவல் நிரப்பி உருளை ஓட்டினோம்; கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம்; கற்களுக்கும் கைப்பிடிச் சுவர்களுக்கும் வெள்ளை அடித்தோம்; கடைசியாகத்தான் பள்ளங்கள். பிப்ரவரி ஆய்வில் 100-க்கு 91 கிடைத்தது.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி.யை 12 சதவீதம் என்று, பழைய பில்லைப் பார்த்து, அப்படியே போட்டுவிட்டேன். 2022 ஜூலை 18 முதல் அது 18 சதவீதம் என்பது எனக்குத் தெரியாததன்று. கை பழகியதை எழுதிவிட்டது. பில் திரும்பி வந்தது. திருத்திக்கொண்டு போனால், ஒப்பந்தத்தின் ஆண்டுவாரித் தொகை அட்டவணை உள்ள பக்கம் அலுவலகக் கோப்பில் இல்லை என்றார்கள். அவர்களுடைய கோப்பில் அவர்களுடைய பக்கம் இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வீட்டு பீரோவில், பழைய குடும்ப அட்டைக்கும் அம்மாவின் நகைக்கடை ரசீதுகளுக்கும் நடுவே, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையுள்ள மூலப்படியை அப்பா பத்திரமாக வைத்திருந்தார். பேச்சு இன்னும் தெளிவாக வராத நிலையிலும் அந்த பீரோவை அவர் இடது கையால் சுட்டிக்காட்டியதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிடித்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வருமான வரி, தொழிலாளர் நல நிதி ஆகியவற்றோடு ஜி.எஸ்.டி. பேரிலும் பில் மதிப்பில் இரண்டு சதவீதம் பிடிப்பார்கள். அந்த இரண்டு சதவீதம் தொலைந்துபோவதன்று; ஜி.எஸ்.டி. தளத்தில் நாம் உள்ளே போய் ஏற்றுக்கொண்டால் நம் மின்னணுப் பணப் பேரேட்டில் வந்து சேரும். ஆனால் துறை பழைய எண்ணிலேயே தாக்கல் செய்துவிட்டால் அது ரத்தான பதிவுக்குப் போய்விடும். எனவே பணம் வந்த மறுநாளே, எந்த எண்ணில் தாக்கல் செய்யப்போகிறீர்கள் என்று போய்க் கேட்டேன். பதின்மூன்றாம் இடத்தில் மறுபடியும் 1 இருந்தது. என் எதிரிலேயே திருத்தினார்கள்.

ஒப்பந்தத்துக்காகத் துறையிடம் உள்ள காப்புத்தொகை 2026 ஆகஸ்டில் ஐந்தாண்டு முடிந்த பிறகுதான் திரும்பும். இடையில் நாம் கவனிக்காமல் விட்டால், துறையே வேறு ஆள் வைத்து வேலையைச் செய்துவிட்டு அந்தத் தொகையில் கழித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. குழாய்க்காரர்கள் இப்போது சாலையின் வலது ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதாக மேஸ்திரியின் மகன் நேற்றுப் படம் அனுப்பினான். கடிதம் தயார், ஒரு பக்கம்தான். நாளை செவ்வாய்க்கிழமை.