மச்சானின் ஓய்வூதியக் கணக்கு முடக்கப்பட்டபோது

போச்சம்பள்ளியில் வசிக்கும் என் மைத்துனர் அரசுப் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு ஒரு மாதத் தொடக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் பணம் எடுக்கச் சென்றபோது இயந்திரம் மறுத்துவிட்டது. மறுநாள் வங்கிக்குப் போனார். கிருஷ்ணகிரி நீதிமன்றத்திலிருந்து ஜப்தி உத்தரவு வந்திருப்பதாகவும், கணக்கில் இருக்கும் 1,46,000 ரூபாயை அசைக்க முடியாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அவர் தருமபுரிக்கு வந்து, “மாப்பிள்ளை, பென்ஷனையும் எடுத்துக்கொள்வார்களா?” என்று கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் தவிக்கும் வேறொருவருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கடன் அவருடையதன்று. பழைய மாணவர் ஒருவர் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் தனியார் நிதி நிறுவனமொன்றில் வாங்கிய கடனுக்கு என் மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். பெங்களூரா மாங்காய்க்கு விலை இல்லாமல் போன வருடத்தில் குத்தகைதாரர் ஊரை விட்டே போய்விட்டார். வழக்கு நடந்ததும் தீர்ப்பு வந்ததும் மைத்துனருக்குத் தெரியும். வந்த அறிவிப்புகளை வீட்டாருக்குக் காட்டாமல் பீரோவில் வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர் தன் பெயரில் வந்த காகிதத்தைப் பிரிக்க வெட்கப்பட்டார் என்பதை அவர்மீது குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்தால்தான், தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்கப் போடப்படும் நிறைவேற்று மனு அவர் தரப்பு கேட்கப்படாமலேயே வங்கிக் கணக்கு வரை வந்து சேர்ந்தது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, கடந்த காலப் பணிக்காகவோ, உடல் நலிவுக்காகவோ, கருணைப்படியாகவோ அரசு வழங்கும் ஓய்வூதியத்தையும் அதன் பொருட்டு வரவேண்டிய பணத்தையும் கடன் கொடுத்தவரின் கோரிக்கைக்காக எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்யக்கூடாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவும், ஜப்திக்கு உட்படாதவற்றின் பட்டியலில் ஓய்வூதியர்களுக்கான உதவித்தொகையையும் பணிக்கொடையையும் சேர்த்திருக்கிறது. அரசு ஊழியர் மட்டுமல்லாமல் வேறு எந்த முதலாளியிடம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவருக்கும் இது பொருந்தும். அதே பிரிவில் வருங்கால வைப்பு நிதிக்கும் தனியாகப் பாதுகாப்பு உண்டு.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தில் விரலையோ கையையோ இழந்து, தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வழியாக ஊன உதவித்தொகை பெறுபவர்களை எங்கள் பகுதியில் பலரும் அறிவர். அந்தத் தொகையையும் ஜப்தி செய்ய முடியாது என்று, 2025இல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வரும் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் தன் 60ஆவது பிரிவில் சொன்னது. இரண்டு சட்டங்களிலும் 60 என்ற எண்ணே வந்தது தற்செயல்தான் என்றாலும், நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்பதே என்னைப் பல நாள் உறுத்திய கேள்வி. வழக்கறிஞர் அதற்குச் சொன்ன விடை எளியது. வங்கிக்குப் போகும் உத்தரவில் கணக்கு எண் இருக்கும். அந்தக் கணக்கில் வந்து விழும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது இருக்காது. வங்கி அலுவலர் உத்தரவைக் கண்டதும் முழுக் கணக்கையும் நிறுத்தி வைத்துவிடுகிறார். இது ஓய்வூதியப் பணம் என்று எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஓய்வூதியரின் தலையில் விழுகிறது. அதையும் வங்கியின் மேசை முன் நின்று சொல்வதால் பயனில்லை. நிறைவேற்று மனு நடக்கும் அதே நீதிமன்றத்தில் ஆட்சேப மனுவாகத்தான் சொல்ல வேண்டும். எழுபதை நெருங்கும் ஒருவரின் மாத்திரைக் காசை முதலில் முடக்கிவிட்டு அது முடக்கத் தகாதது என்பதை அவரையே நிரூபிக்கச் சொல்லும் இந்த வரிசை எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

ஓய்வூதியக் கொடுப்பாணையின் நகல், எந்தக் கணக்கில் ஓய்வூதியம் வரவு வைக்கப்படுகிறது என்று காட்டும் கருவூலத்தின் கடிதம், பதினெட்டு மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்து மனுப் போட்டோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பிய வாதம் கேட்பதற்கு வலுவாகத்தான் இருந்தது. அரசின் கையில் இருக்கும் வரைதான் அது ஓய்வூதியம், வாங்கியவரின் கணக்குக்கு வந்துவிட்டால் மற்றப் பணத்தைப் போல அதுவும் ஒரு பணம் என்றார். வருங்கால வைப்பு நிதி போன்ற தொகைகள் ஊழியரின் கைக்குச் சேரும் வரை தம் தன்மையை இழப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976இல் ஒரு சீட்டு நிறுவன வழக்கில் கூறியிருந்தது. ‘சேரும் வரை’ என்ற சொல்லையே அவர் பிடித்துக்கொண்டார். எங்கள் வழக்கறிஞர் ராதேஷ்யாம் குப்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்து வைத்தார். ஓய்வூதியமும் பணிக்கொடையும் பெற்றவரின் கைக்கு வந்து வங்கியில் போடப்பட்ட பிறகும் அவற்றின் தன்மை மாறுவதில்லை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு தொடர்கிறது என்பது அந்தத் தீர்ப்பு.

எதிர்த்தரப்பு இன்னொரு காகிதத்தையும் நீட்டியது. ஜாமீன் பத்திரத்தின் ஆறாவது பக்கத்தில், ‘எனது ஓய்வூதியம் உட்பட எல்லாவற்றிலிருந்தும் வசூலித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்ற வரியும் அதன் கீழே மைத்துனரின் அழகான கையெழுத்தும் இருந்தன. அதைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அதே 60ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். இந்தப் பிரிவு தரும் விலக்கைக் கைவிடுவதாக ஒருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்பதே அது. நெருக்கடியில் இருப்பவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு உத்தரவு வந்தது. ஓய்வூதியமாக வந்த தொகை முழுவதும் விடுவிக்கப்பட்டது. வரப்போரப் புளிய மரங்களின் காயை விற்று அதே கணக்கில் போட்டிருந்த 42,000 ரூபாய் மட்டும் ஜப்தியிலேயே நின்றது. அதில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே கணக்கில் கலந்து கிடந்ததால், எது எது என்று ஒவ்வொரு வரவாகப் பிரித்துக் காட்டுவதிலேயே இரண்டு வாய்தாக்கள் கழிந்தன.

இந்தப் பாதுகாப்பைத் தாராளமாகப் புரிந்துகொண்டு ஏமாறவும் கூடாது. ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆவது பிரிவு பேசுவது கடன் கொடுத்தவரைப் பற்றி. ஜீவனாம்சம் கேட்கும் மனைவி கடன் கொடுத்தவர் அல்லர் என்று கருதி ஓய்வூதியத்தில் கைவைக்க அனுமதித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஓய்வூதியரே வங்கியில் ஓய்வூதியக் கடன் வாங்கி, மாதத் தவணையைப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்திருந்தால் அதை ஜப்தி என்று சொல்லிச் சண்டையிட முடியாது. கடனும் அழிந்துவிடுவதில்லை; மைத்துனரின் வேறு சொத்துகளை நோக்கி அந்த நிறுவனம் இன்னும் வரலாம்.

நீதிமன்றத்துக்கே வராமல் நடப்பது இதைவிட மோசம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் ஓய்வூதியரின் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வட்டிக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் பிறந்ததும் தாமே பணத்தை எடுத்து, மீதியைப் பிச்சை போடுவதைப் போலக் கொடுப்பதை நானே கண்டிருக்கிறேன். இனி வரப்போகும் ஓய்வூதியத்தை முன்கூட்டியே ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது செல்லாது என்று 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அட்டையைக் கொடுத்தவர் வங்கிக்குச் சென்று பழைய அட்டையை முடக்கிப் புதியது கேட்கலாம். அதற்காக மிரட்டினால், 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

மைத்துனர் இப்போது இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்திருக்கிறார். வங்கிப் புத்தகத்தில் கருவூலத்திலிருந்து வரும் பணத்தைத் தவிர ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை. இந்த ஆண்டுப் புளி விற்ற பணம் அஞ்சலகக் கணக்கில் இருக்கிறது. கொடுப்பாணையின் நகல் ஒன்றை என்னிடமும் கொடுத்து வைத்திருக்கிறார்.