மஸ்காரா: நாள் முழுக்க நிற்கணும், ராத்திரி சுலபமா வரணும்

இமைமுடிக்குப் போடுற மஸ்காரா கண்ணுக்குக் கீழே கருப்பா இறங்குதா? பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். சருமத்து எண்ணெயும் கண் கிரீமும் மஸ்காராவில் இருக்கும் மெழுகை இளக்கிடும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா தண்ணீரைத் தாங்கும், ஆனா கலைக்க எண்ணெய் கலந்த ரிமூவர் வேணும்.

தினசரிக்கு என் ஓட்டு ட்யூபிங் மஸ்காராவுக்குத்தான். ஒவ்வொரு இமைமுடியையும் பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரியான பொருள்) உறையா சுத்திக்கும், எண்ணெய்க்குச் சுலபத்தில் இளகாது. வாங்கும்போது லேபிளில் 'வெதுவெதுப்பான நீரில் அகலும்'னு இருக்கான்னு பாருங்க. முதல் பூச்சு காயும் முன்னாடியே இரண்டாவதைப் போடுங்க. காய்ஞ்சபிறகு போட்டா பொடிப்பொடியா உதிரும்.

கழற்ற, வெதுவெதுப்பான நீரில் நனைச்ச பஞ்சை மூடின கண்மேல 30 விநாடி வைச்சு, கீழ்நோக்கி மெல்ல இழுங்க. கருப்பு நூல் மாதிரி துண்டு துண்டா வரும். பயப்படாதீங்க, அது முடி இல்ல, உறைதான். வரலைன்னா தேய்க்காம, இன்னொரு 30 விநாடி வைங்க.