ஆயர் மாற்றலும் வீடு சந்திப்பும்

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் சபையில் ஒரே பேச்சுதான்: ஆயருக்கு மாற்றல் வருமா, வராதா? தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர் ஒரே ஆலயத்தில் வேர்விட முடியாது. சில ஆண்டுகளில் பேராயரின் உத்தரவு வந்துவிடும். அதில் எனக்குக் குறையில்லை. சில சபைகளுக்கு அதுவே விடுதலை!

ஆனால் போகிறவர் புதியவரிடம் ஒப்படைப்பது பதிவேடுகளை மட்டும்தான். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என எல்லாம் தேதியோடு இருக்கும். எந்த வீட்டு மகன் குடித்துவிட்டு வருகிறான், மனைவியை அடக்கம் செய்தபின் எந்தப் பெரியவர் திருவிருந்துக்கு எழுந்து வருவதில்லை என்பதெல்லாம் எழுதிவைக்கக் கூடியவை அல்ல, எழுதவும் கூடாது. அவற்றைச் சுமக்க ஊரோடு இருக்கும் ஆட்கள் வேண்டும். அதாவது, நாம்.

இது புதுக் கதையும் அல்ல. லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்தில் ஊழியத்தைத் தொடங்கியது. மிஷனரிக்கு ஜில்லா முழுவதும் களம். கிராமத்தில் நோயாளியின் திண்ணையில் உட்கார்ந்து ஜெபித்தவர், மிஷனரிக்குத் துணையாக ஊழியம் செய்த நம் ஊர் உபதேசியார்தான். அதற்கும் முன்னால், காலையிலிருந்து மாலைவரை தனியாளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வை என்று சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. யாத்திராகமம் 18ஆம் அதிகாரம். மாமனார் சொல்லை மருமகன் கேட்டார் என்பதே எனக்கு வியப்பு.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சில வீடுகளைப் போய்ச் சந்திப்பது என் பொறுப்பு. கொலுசுப் பட்டறையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள். வேலை வீட்டுக்கே வந்துவிடும். தட்டில் வெள்ளி பரப்பியிருக்க, மின்விளக்கைத் தாழ இறக்கிக்கொண்டு, சலங்கை கோத்தபடியே பேசுவார்கள். டீச்சர் வந்துவிட்டார் என்று கையை நிறுத்த எழுந்தால் நான் விடுவதில்லை. உருப்படிக்குக் கூலி, நான் உட்காரும் அரைமணி நேரம் அவர்கள் பணம். அவர்கள் குனிந்து வேலை செய்யும்போதுதான் உண்மையான பேச்சும் வருகிறது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து "என்ன பிரச்சினை?" என்றால், "கர்த்தர் கிருபையால் நலம்" என்றுதான் பதில் வரும்.

ஏற்காட்டிலும் இப்படித்தான். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் வேலைக்காரர்கள் ஞாயிறு காலை ஆராதனைக்கு வரவில்லை என்று பிரசங்கத்தில் குத்திக்காட்டுபவர்களைக் கேட்டிருக்கிறேன். பறிப்பு நாளில் கூலியை இழந்துவிட்டு வா என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இருட்டியபின், அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு நாம் போகலாமே.

மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் காது உண்டு. உரத்த ஜெபம் வேண்டாம். "விசுவாசம் போதவில்லை, அதனால்தான் இன்னும் குணமாகவில்லை" என்ற பேச்சு வாசற்படியிலேயே நிற்கட்டும். துணைக்கு இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேட்டு, அவர் கீழே போய்வரும்வரை நோயாளியின் பக்கத்தில் இருங்கள்.

சபைக் கமிட்டித் தேர்தல் வந்தால் நம் மூப்பர்களுக்கு எல்லா வீட்டு விலாசமும் தெரிகிறது. சந்து பொந்து விடாமல் வருகிறார்கள். தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சென்ற கமிட்டிக் கூட்டத்தில், ஒவ்வொரு உறுப்பினரும் பத்து வீடுகளை ஏற்க வேண்டும் என்று கேட்டேன். சுற்றுச்சுவர் வெள்ளையடிப்புக்கு ஒரு மணி நேரம் பேசியவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். அதுவே சந்தேகமாக இருக்கிறது. அஸ்தம்பட்டிக்கு ஆள் கிடைத்தாகிவிட்டது. சூரமங்கலத்துக்கு இன்னும் இல்லை. அந்தப் பக்கம் குடியிருக்கும் நம் சபையார், கமிட்டியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுங்கள். பாடகர் குழு அறை வாசலில் நோட்டுடன் நிற்பேன்.